முப்பிடாதியைப் பத்தி நாலு நல்ல வார்த்தை

நேரா எங்கிட்ட வந்தியல்லா சார், அதுதான் சரியான வேலை. இந்த வளவுல மொத்தம் ஆறு வீடு, ஆறும் எனக்குச் சொந்தம். ஆறு வீட்டுலயும் யாரு எப்ப எந்திரிக்கா, யாரு வீட்டுக்கு யாரு வந்துட்டுப் போறா, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒட்டுக் கேக்குதவன்னு நினைச்சிராதிய. காது தன்னால கேக்கு, கண்ணு தன்னால பாக்கு, நான் என்ன செய்ய முடியும்? உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க.

யாரப் பத்தி விசாரிக்கணும்? முப்பிடாதியா? மூணாம் வீட்டு முப்பிடாதியா? ஏன், என்ன செஞ்சா அவ?

ராக்கெட் ஆபீஸுலயா? வேலையா? அவளுக்கா? அதுக்குத்தான் இந்த விசாரணையா?

இருங்க சார், ஒரு நிமிசம். கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிடுதேன்.

ஒண்ணுமில்ல, சந்தோசந்தான். பொறந்ததுல இருந்து பாக்குத புள்ளைல்லா. ஆனா பாருங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. பரீட்சை எழுதினதச் சொல்லலை, இன்டர்வியூவுக்குப் போனதச் சொல்லலை. போன மாசம் காலம்பற அம்மை பேச்சியும் மகளும் பொடவை கட்டிப் பொறப்பட்டாளுவ. எங்கட்டி பேச்சின்னு கேட்டேன். "நாகர்கோவிலுக்குக் கண்ணு டாக்டரப் பாக்கப் போறோம் அத்தே"ங்கா. அது கண்ணு டாக்டரா சார்? நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது. கல்லு விழுந்த மாதிரி இருக்கு. ஒரு வளவுக்குள்ள இருந்துக்கிட்டு வீட்டுக்காரிக்குத் தெரியாம ஒருத்தி ராக்கெட் விடப் போறான்னா என்ன அர்த்தம்?

இல்ல இல்ல, அவ ராக்கெட் விட மாட்டா, டெக்னிக்கல் அசிஸ்டென்ட்தான், தெரியும். எனக்குத் தெரியாதா அந்த ஆபீஸப் பத்தி? அந்தா தெரியுதுல்லா மலை, அதுக்கு அந்தப் பக்கந்தான் எஞ்சின ஓட்டிப் பாக்குத எடம். அங்க ஓட்டினா இங்க என் அடுப்படியில தூக்குவாளி எல்லாம் நடுங்கும். புதுசா வாரவன் பயந்து தெருவுக்கு ஓடுவான். எங்களுக்குப் பழகிட்டு. இந்த ஊர்ல பொறக்குத புள்ளைக்கெல்லாம் அங்கன வேலைக்குப் போகணும்னுதான் ஆசை. என் மவன் குமரேசனே மூணு தடவை அதே பரீட்சையத்தான் எழுதினான். மூணு தடவையும் கேள்வித்தாள்ல தப்பு. மூளைன்னா அவனுக்கு அப்படி மூளை சார். அவிய கேட்டதுக்கும் மேல எழுதிட்டு வந்துட்டான்னா அவியளுக்கு எப்படித் திருத்தத் தெரியும்? இப்ப மாடியிலதான் இருக்கான். தூங்குதான். மணி பதினொண்ணா? ஆமா, தூங்கட்டும். யோசிச்சு யோசிச்சு அவனுக்குத் தலைவலி.

எத்தனை வருசமாத் தெரியும்னு கேக்கியளா? எழுதிக்கிடுங்க. அவ அப்பன் வெயிலுமுத்தையே அவன் அரைக்கால் டவுசர் போட்ட காலத்துல இருந்து எனக்குத் தெரியும். அவிய அய்யா காலத்துல இருந்து அந்த மூணாம் வீடுதான். எங்க வீட்டு அவிய தாலுகா ஆபீஸுல கிளார்க்கு. அவிய இருந்தப்பவும் சரி, போன பொறவும் சரி, இந்த ஊர்ல எந்த மனுவா இருந்தாலும் இங்க வந்துதான் எழுதிக்கிடுவாவ. அவியளவிட என் எழுத்து நல்லாருக்கும். முத்து முத்தா இருக்கும்.

வெயிலுமுத்து கதை உங்களுக்குத் தெரியுமா? பைல்ல இருக்கா? என்ன எழுதியிருக்கு? ஒரு வரிதானா? ஒரு வரியில என்ன தெரியும், நான் சொல்லுதேன்.

இருபத்தாறு வருசம் ஆச்சு. அவனும் இதே ஆபீஸுக்குத்தான் தேர்வானான். ஐடிஐ-ல ஃபிட்டர் படிச்சான். கெட்டிக்காரன், பொய் சொல்லக் கூடாது. ஒரு இரும்புத் துண்டக் குடுத்தா அரத்தால ராவி ராவி கண்ணாடி மாதிரி ஆக்கிருவான். பரீட்சையில பாஸ், கைவேலையில பாஸ். கத்தையா ஒரு படிவம் வந்தது. பேரு, ஊரு, அப்பன் பேரு, எங்கெங்க இருந்த, என்ன படிச்ச, இருபது முப்பது கேள்வி. எங்க கொண்டாந்தான்? எங்கிட்டதான் கொண்டாந்தான். "அத்தே, நீங்கதான் எழுதித் தரணும்"னான். நானும் உக்காந்து எழுதினேன். பாதி எழுதிக்கிட்டு வாரேன், ஒரு கேள்வி வருது. எப்பவாவது உன்னைக் கைது செஞ்சிருக்காவளா, தடுத்து வச்சிருக்காவளான்னு.

அப்ப அவன் கேக்கான், "அத்தே, தண்ணி மறியல் அன்னைக்கு எங்கள மண்டபத்துல வச்சிருந்தாவல்லா, அத எழுதணுமா?"ன்னு. அது என்னன்னா சார், அதுக்கு மூணு வருசம் முன்னால ஊர்ல குடிதண்ணி இல்ல. பொம்பளையெல்லாம் காலிக்குடத்தத் தூக்கிட்டுப் போயி மெயின் ரோட்டுல உக்காந்தாளுவ. இவன் அம்மைக்கு முட்டுவலி, அவ குடத்த இவன் தூக்கிட்டுக் கூடப் போனான். போலீஸ் வந்து எல்லாத்தையும் வேன்ல ஏத்தி ஒரு கல்யாண மண்டபத்துல எறக்கினாவ. மத்தியானம் எலுமிச்சம்பழச் சோத்துப் பொட்டலம் குடுத்தாவ. சாய்ங்காலம் ஆறு மணிக்குப் போங்கன்னு சொல்லிட்டாவ. வந்தவன் சோறு நல்லா இருந்துச்சுன்னான்.

நான் சிரிச்சேன். "போலே கிறுக்கா, அது ஒரு கைதா? கேஸ் உண்டா, கோர்ட் உண்டா? இதப் போயி எழுதினா உள்ள வேலையக் கெடுத்துக்கிடுவ. இல்லேன்னு போட்டுத் தள்ளு"ன்னேன். அவன் எங்க போட்டான், நான்தான் எழுதுதேன், நானே போட்டேன். இல்லை. என் எழுத்துதான். அழகா இருக்கும்.

பொறவு ரெண்டு மாசம் கழிச்சு உங்கள மாதிரி ஒருத்தர் வந்தாவ. உங்களவிட வயசு கூட. பெரிய மீசை. இங்கனதான் உக்காந்தாவ. பையன் எப்படி, குடிப்பானா, கட்சி உண்டா, சண்டை சச்சரவு உண்டான்னு கேட்டாவ. எல்லாத்துக்கும் நல்லதாத்தான் சொன்னேன். நல்ல பையன், ஒழுக்கமானவன், எல்லாம் சொன்னேன். கடைசியில, "போலீஸ் விவகாரம் எதும் இல்லையேம்மா?"ன்னாவ.

அரசாங்கத்து ஆளு, என்னை நம்பிக் கேக்கு. வாய் கூசாதா சார் பொய் சொல்ல? பெருசா ஒண்ணுமில்ல, ஒரு நாள் மறியல்ல மண்டபத்துல வச்சிருந்தாவன்னு சொன்னேன். அவ்வளவுதான். எலுமிச்சம்பழச் சோத்தையும் சொன்னேன், அவருக்குச் சிரிப்பு வரட்டும்னு. அவரு சிரிக்கலை. "படிவத்துல இல்லேன்னு போட்டிருக்கானே"ன்னாவ.

யாரு எழுதிக் குடுத்ததுன்னு கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காததுக்கு நான் எப்படிச் சொல்ல?

என்ன சார் அப்படிப் பாக்கிய? ரெண்டும் வேற வேற சார். அவன் கேட்டப்ப அவனுக்கு நல்லதச் சொன்னேன். அரசாங்கம் கேட்டப்ப அரசாங்கத்துக்கு நல்லதச் சொன்னேன். இதுல என்ன தப்பு கண்டிய?

அந்த மீசைக்காரரு வந்த அன்னைக்குக் காலம்பற ஒண்ணு நடந்தது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சும்மா சொல்லுதேன். குழாயடிக்குப் போறேன், வெயிலுமுத்து அம்மை தண்ணி பிடிச்சிக்கிட்டு நிக்கா. எப்பவும் நான் வந்தா அவ குடத்த எடுத்துட்டு ஒதுங்கிருவா. அன்னைக்கு ஒதுங்கலை. நிமிந்து பாத்தா, சிரிச்சா, "இந்தா நெறஞ்சிரும்க்கா"ன்னா. அக்காவாம்! மவனுக்கு ராக்கெட் ஆபீஸுல வேலைன்ன ஒடனே நான் அக்கா ஆயிட்டேன். நான் ஒண்ணும் நினைக்கலை. அந்தக் குடம் நெறையுத வரைக்கும் ஓரமா நின்னேன்.

காயிதம் வந்தது. உண்மையை மறைத்த காரணத்தால் நியமனம் ரத்துன்னு. அவன் பஸ் ஏறிப் போயி ஆபீஸ் ஆபீஸா நின்னு கேட்டிருக்கான். மண்டபத்துல வச்சது ஒரு விசயமே இல்ல, நீ அத எழுதியிருந்தா வேலைக்கு எடுத்திருப்போம், எழுதாமப் போனதுதான் குத்தம்னு சொல்லிட்டாவளாம். அப்ப தப்பு யாரு மேல சார்? மறைச்சவன் மேலதான? படிவத்துல கீழ கையெழுத்துப் போட்டது அவன்தான?

வந்தான். இந்த நடையில நின்னான். நான் அரிசி பொடைச்சிக்கிட்டு இருக்கேன். "வாலே முத்து"ன்னேன். என் கையவே பாத்துக்கிட்டு நின்னான். பொறவு போயிட்டான். அன்னையில இருந்து இன்னைய வரைக்கும், இருபத்தாறு வருசம், எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. என் வீட்டுலதான் இருக்கான், என் வாசல் வழியாத்தான் போறான், தலையத் திருப்பிக்கிட்டுப் போறான். வாடகையெல்லாம் பொண்டாட்டி கையில குடுத்து விடுவான். எனக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும்னு யாராவது நினைச்சுப் பாத்தாவளா? உண்மையச் சொன்னதுக்கு எனக்குத் தண்டனை. வீட்ட மாத்திக்கிட்டுப் போயிரலாம்லான்னு கேக்கியளா? எங்க போவான்? அவிய ஆளுகளுக்கு இந்தத் தெருவுல வேற யாரு வீடு குடுப்பா? நான்தான் குடுத்து வச்சிருக்கேன். அத யாரும் பேச மாட்டாவ.

கல் குவாரியில லோடு ஏத்தினான் கொஞ்ச காலம். ரெண்டு வெரலு போச்சு. இப்ப மோட்டார் ரிப்பேரு பாக்கான். அதுல ஒண்ணும் குறையில்ல.

சரி, புள்ளையப் பத்திக் கேளுங்க.

நல்ல புள்ள சார். எழுதுங்க, நல்ல புள்ள. படிப்பு படிப்புன்னு கெடப்பா. சின்னதுல கொஞ்சம் குறும்பு. அந்தா மூணாம் வீட்டுப் பக்கச் சுவரு, அதுல பூரா கரித்துண்டால எண்ணா எழுதி வைப்பா. நானும் வீட்டுக்கணக்குன்னு நினைச்சேன். பொறவு பாத்தா, மலைக்குப் பின்னால எஞ்சின் உறுமுதுல்லா, அது எத்தனை செகண்டு உறுமுதுன்னு விரல மடக்கி எண்ணி, தேதி போட்டு எழுதியிருக்கா. எட்டு வயசுலயே! வெள்ளையடிச்ச சுவரு சார். "என்ன சனியன்ட்டி இது"ன்னு காதப் புடிச்சுத் திருகி, தேங்கா நாரக் குடுத்து, கையாலேயே தேய்ச்சுக் கழுவ வச்சேன். கை தோலு உரிஞ்சிட்டு, அழுதுக்கிட்டே கழுவினா. அடுத்த மாசம் மறுபடி எழுதியிருக்கா, கட்டிலுக்குப் பின்னால, நான் பாக்காத எடத்துல.

இப்பத்தான் சார் எனக்குத் தோணுது. இத நீங்க கவனிக்கணும். எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடுதுங்கது ராக்கெட் ரகசியம்லா? அதக் கணக்கெடுத்துச் சுவத்துல எழுதி வச்சிருக்கா. யாருக்காக எழுதினா? யாரு எழுதச் சொன்னா?

ஏன் சிரிக்கிய? எட்டு வயசுன்னா என்ன? சரி, விடுங்க. உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம். நான் நாட்டு மேல உள்ள அக்கறையில சொன்னேன்.

வேற... அவ இங்கனயே இருக்கலை, அத எழுதினாளா? கொல்லத்துல அவ பெரியப்பன் வீட்டுல ஒரு வருசத்துக்கு மேல இருந்தா. பாலிடெக்னிக் முடிச்சிட்டு அங்க ஒரு கம்பெனியில பயிற்சின்னு. பதினாலு மாசம். படிவத்துல ஒரு வருசத்துக்கு மேல இருந்த எடமெல்லாம் எழுதணும், எனக்குத் தெரியும். இத மறைச்சிருப்பா பாருங்க.

எழுதியிருக்காளா? கதவு நம்பரோடயா?

சரி. நல்லதுதான். பொறவு இன்னொண்ணு சார், இத அவ எழுதியிருக்க மாட்டா. காலேஜுல படிக்கையில பஸ்ஸ நிப்பாட்டிட்டாவன்னு புள்ளைகள்ளாம் ரோட்டுல உக்காந்துச்சு. அப்பனப் போலத்தான. அதே மாதிரி மண்டபத்துக்குக் கொண்டு போயி சாய்ங்காலம் விட்டாவ. என்னைக்குன்னா, ஆடி மாசம் கடைசி வெள்ளி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான் கூழு ஊத்திக்கிட்டு இருந்தேன்.

அதையுமா எழுதினா?

காட்டுங்க பாப்போம். கண்ணாடி எங்க... ஆமா. "ஒரு நாள், காலை பதினொன்று முதல் மாலை ஐந்தரை வரை, கல்யாண மண்டபம், வழக்கு இல்லை." கீழ என்ன எழுதியிருக்கு? "இது போன்ற ஒன்றை மறைத்ததால் என் தந்தையின் நியமனம் ரத்தானது." அதையும் எழுதிட்டாளா? அதக் கேக்கவே இல்லையே, அத ஏன் எழுதுதா? இது அவன் சொல்லிக் குடுத்தது சார். வெயிலுமுத்து சொல்லிக் குடுத்தது. பக்கம் பத்தாம தனித் தாள் ஒட்டியிருக்காளே! மூணு தாளா? பள்ளிக்கூடத்துல பேரு தப்பாப் பதிஞ்சு பொறவு திருத்தினது, ஆறாங்கிளாஸுல அம்மை போட்டு ஒரு மாசம் போகாதது, சைக்கிள்ல போயி ஒரு ஆட்டுக்குட்டி மேல மோதினது... ஆட்டுக்குட்டிய எல்லாமா எழுதுவாவ? பைத்தியமா இவளுக்கு?

எழுத்து சுமாராத்தான் இருக்கு. என்னளவுக்கு இல்ல.

என்ன, அவ்வளவுதானா? எந்திரிச்சிட்டியளா? நான் என்ன சொன்னேன்னு எழுதினிய, வாசிச்சுக் காட்டுங்க. "அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். ஆட்சேபணை இல்லை." சரிதான். நான் அப்படித்தான் சொன்னேன்.

என்னது? என்ன சொன்னிய இப்ப? இருபது வருச சர்வீஸுல இப்படி எதையும் மறைக்காம ஒருத்தர் எழுதி நீங்க பாத்ததில்லையா?

உக்காருங்க சார். தம்பி, உக்காருங்க. உங்கள என் மவன் மாதிரி நினைச்சுச் சொல்லுதேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, விசாரிச்சவன் யாருன்னு உங்களத்தான் பிடிப்பாவ. நல்ல மனுசனா இருக்கிய, உங்களுக்கு ஒரு கெட்ட பேரு வரக் கூடாது.

அதுல முதப் பக்கத்துல என்ன எழுதியிருக்கா? தகப்பன் பேரு?

வெயிலுமுத்து. தாய் பேரு பேச்சியம்மாள்னு போட்டிருப்பா. பொறந்த ஊரு இந்த ஊரு.

மூணும் பொய் சார்.

பதறாதிய. அந்தப் புள்ளைக்குத் தெரியாது. இந்த ஊர்லயே யாருக்கும் தெரியாது, அந்த வீட்டு ரெண்டு பேர விட்டா எனக்கு மட்டுந்தான் தெரியும். வேலை போன மறு வருசம் அவனுக்குக் கல்யாணம் ஆச்சு. பேச்சி வந்தா. ரெண்டு தடவை உண்டாகி ரெண்டும் தங்கலை. மூணாவது நாலு மாசம். ஒரு நாள் மத்தியானம், இவன் குவாரிக்குப் போயிட்டான், என் அடுப்படியில எனக்கு மாவாட்டிக்கிட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சிட்டா. அந்தக் கல்லெல்லாம் ரத்தம். நான்தான் தூக்கிப் படுக்க வச்சேன், நான்தான் கழுவினேன், வெந்நி வச்சுக் குடுத்தேன். பெத்த மவளுக்குச் செய்யுத மாதிரி செஞ்சேன் சார், அதுல ஒரு குறை சொல்ல முடியாது. என் மடியில தலைய வச்சுக்கிட்டு அழுதா. "அத்தே, யாருக்கும் சொல்லாதிய, மூணாவதும் போச்சுன்னா என்னை மலடின்னு தள்ளி வச்சிருவாவ"ன்னு. நானும் அழுதேன்.

பொறவு அவ அம்மை வீட்டுக்குப் போனா, கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். ஊருக்கெல்லாம் பிரசவத்துக்குப் போறதா பேச்சு. அஞ்சு மாசம் கழிச்சுக் கையில புள்ளையோட வந்து எறங்கினா. எல்லாரும் குலவை போட்டாளுவ. நான் மட்டும் பேச்சி முகத்தப் பாத்தேன். அவ என் முகத்தப் பாத்தா. அன்னைக்கே வந்து காலப் புடிச்சிக்கிட்டா. அவளுக்கு ஒரு தங்கச்சி, மாரி. கல்யாணம் ஆகலை. தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனவ. வயித்துல வாங்கிக்கிட்டா. வீட்டுக்குள்ள வச்சே பெத்துட்டு மூணாம் நாளு போய்ச் சேந்துட்டா. அந்தப் புள்ளைதான் இது. அப்பன் யாருன்னு செத்தவளுக்கே வெளிச்சம். வெயிலுமுத்துக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் கையில வாங்கினான். முப்பிடாதி அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு அந்தப் பேர வச்சான். பொறப்பையும் இங்கனயே நடந்ததாப் பதிஞ்சிட்டாவ.

விளக்குல கைய வச்சு சத்தியம் பண்ணச் சொன்னா பேச்சி. பண்ணினேன். இருபத்திரண்டு வருசம் காப்பாத்தியிருக்கேன் சார், என் மவன்கிட்டகூடச் சொன்னதில்ல. வேற யாரு காப்பாத்துவா? இன்னைக்கு அரசாங்கமே வந்து கேக்கு, அதனால சொல்லுதேன். சத்தியம் பேச்சிக்கும் எனக்கும் உள்ளது. இது நாட்டு விசயம்.

ஏன் சார் பேனாவ மூடிட்டிய? எழுதுங்க. தேவையில்லையா? எது தேவையில்ல? தத்தெடுத்தா தப்பில்லையா? அது எனக்கும் தெரியும் சார், தத்தெடுக்குதது புண்ணியம். ஆனா தத்துன்னு எங்க எழுதியிருக்கு? காயிதம் எங்க இருக்கு? பொய்யாப் பதிஞ்சிருக்குல்லா? ஒரு எலுமிச்சம்பழச் சோத்துப் பொட்டலத்த மறைச்சதுக்கே அவனுக்கு வேலை இல்லன்னிய, அப்பனையே மறைச்சா வேலை உண்டா? ஆளுக்கொரு நியாயமா? நீங்க எழுதலைன்னா போங்க, நான் எழுதுதேன். மேல யாருக்கு எழுதணும்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டு அவிய சொல்லிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காவ.

அங்க என்ன பாக்கிய? யாரு நடையில?

ஏட்டி முப்பிடாதி. எப்ப வந்த?

ரேசன் கார்டு நகலா? சாரு கேட்டாவளா? சரி, குடு. குடுத்துட்டுப் போ.

ஏன் அப்படி நிக்க? இப்பத்தான வந்த? இல்ல, வந்து நேரமாச்சா? ஒண்ணுமில்ல மக்கா, சாரு உன்னைப் பத்திக் கேட்டாவ, நல்ல புள்ளைன்னு சொன்னேன். கேட்டுப் பாரு. சார், சொல்லுங்க சார். நாலு நல்ல வார்த்தைதான மொதல்ல சொன்னேன்? எழுதியிருக்காவ பாரு, நல்ல பெயர்னு. மத்தது பெரியவிய பேச்சு. உங்கம்மை உன்னைப் பெக்கலைன்னா என்ன, வளக்கலையா? உனக்கு ஒரு குறை வச்சாளா? அழணும்னா அழு. உண்மையக் கேட்டா மொதல்ல அழுகை வரும், பொறவு சரியாப் போயிரும்.

அழவும் மாட்டேங்கா பாருங்க. ஏட்டி, கண்ணத் தொறந்துக்கிட்டே செத்தவ மாதிரி நிக்காத, எனக்குப் பயமா இருக்கு. எதாவது பேசு. என்னைத் திட்டணும்னா திட்டு. நீயும் உங்கப்பன மாதிரி இருபத்தாறு வருசம் பேசாம இருந்திராத. ஒரு வீட்டுக்கு ஒருத்தன் போதும்.

எங்க போற? அது சாரு படிவம்ட்டி, அதத் தொடாத. சார், பிடுங்கிட்டா பாருங்க. எதுக்குப் பொரட்டுதா? தாளு கிழிஞ்சிரப் போவுது. பேனா எதுக்கு உனக்கு? சார், குடுக்காதிய.

என்ன கேக்கா? சத்தமா கேளு, வாய்க்குள்ளயே முனகினா சாருக்கு எப்படிக் கேக்கும்?

"இத எத்தனாவது கேள்வியில சார் எழுதணும்? ஒண்ணு விடாம எழுதச் சொல்லியிருக்காவ எங்கப்பா."

கேட்டியளா சார்? இவ்வளவும் கேட்ட பொறவும் எங்கப்பாங்கா. அதையும் எழுதிக்கிடுங்க.